லிவர்மோர் டிரம்லைன் உரை: மதிப்பிடுவோர் தகுதி பற்றிய ஓர் ஆராய்ச்சி

கலிபோர்னியாவின் லிவர்மோர் நகரில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் தோளில் டிரம் மாட்டி நடந்தபடியே அடிக்கும் அணிக்கு டிரம்லைன் என்று பெயர். அதைக் கேட்டுவிட்டுப் ‘பிரமாதம்’ என்றோ ‘சுமார்தான்’ என்றோ தீர்ப்புச் சொல்லும் தகுதி யாருக்கு உண்டு என்பதே இவ்வாராய்ச்சியின் பொருள். இத்துறையில் முன்னோர் செய்த ஆய்வுகள் யாவும் கால்பந்து மைதானத்து அலுமினியப் படிகளிலும் இவ்வூர்ச் சிவா விஷ்ணு கோயில் பிரசாத வரிசையிலும் வாய்மொழியாக நிகழ்ந்தவை. அவற்றில் பெரும்பாலானவை ஒரே முடிவைத்தான் எட்டியிருக்கின்றன: எங்க பையன் நல்லா வாசிச்சான். இம்முடிவை மறுக்க நமக்குச் சான்று இல்லை. ஆனால் அதே வரிசையில் அவனோடு இன்னும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் நிற்கிறார்கள் என்பதை முன்னோர் கணக்கில் எடுக்கவில்லை.

மதிப்பிட முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். தோற்கருவி வாசிப்பவன் தகுதி என்ன என்று தமிழில் பழைய இடம் தேடினால் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதைக்குப் போக வேண்டும். மாதவி ஆடும் மேடைக்குத் தண்ணுமை வாசிப்பவன் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும் என்று இளங்கோ அங்கே விரித்துச் சொல்கிறார். ஆடலும் பாடலும் பண்ணும் தாளமும் தெரிந்திருக்க வேண்டும். யாழும் குழலும் மிடறும் காதில் விழ இடம் கொடுக்க வேண்டும். எங்கே கூட்டுவது, எங்கே அடக்குவது என்று அளவறிந்திருக்க வேண்டும். ஓங்கி அடிக்க வேண்டும் என்று ஓரிடத்திலும் இல்லை. உரையெழுதிய அடியார்க்கு நல்லார் முப்பதுக்கு மேற்பட்ட தோற்கருவிகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். அவற்றில் நாழிகைப்பறை என்று ஒன்று உண்டு. நேரம் சொல்லவே ஒரு பறை வைத்திருந்தோம். இன்று தாளம் காட்டும் மெட்ரோனோமைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, அதற்கும் பிள்ளைகளைத் திட்டுகிறோம்.

இனி அணியின் உறுப்புகள். ஸ்நேர், நான்கைந்து டிரம்களை ஒன்றாகப் பூட்டிய டெனர், சிறிதிலிருந்து பெரிதாக வழக்கமாக ஐந்து பேஸ் டிரம்கள், சில அணிகளில் சிம்பல். பெற்றோர் வழக்கில் இவற்றுக்குத் தரவரிசை உண்டு. ஸ்நேர் கிடைத்தால் ஐஐடி. டெனர் என்றால் என்ஐடி. பேஸ் என்றால் ஊர்ப்பக்கத்துச் சுயநிதிக் கல்லூரி. சிம்பல் கிடைத்த பிள்ளையின் வீட்டில் அன்று இரவு யாரும் அதிகம் பேசுவதில்லை.

இத்தரவரிசை பிழை என்பது நம் துணிபு. பயிற்சியை அளக்க பேஸ் வரிசையைப் போல வாகான இடம் வேறில்லை. ஒரே சொற்கட்டை ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். ‘தகதகிட’ என்றால் முதற்பிள்ளைக்கு ‘த’, அடுத்த பிள்ளைக்கு ‘க’, கடைசியில் பெரிய டிரம்மைச் சுமக்கிறவனுக்கு ‘ட’. ஒவ்வொருவரும் தன் எழுத்தை மட்டும் அடிக்க, கேட்பவருக்கு ஒரே ஆள் சொன்னது போல விழ வேண்டும். ஒருவன் கண்சிமிட்டினால் அங்கே ஒரு பள்ளம் விழும். மொத்தப் பாட்டையும் மனசுக்குள் ஓட்டிக்கொண்டு தன் ஓரெழுத்துக்காகக் காத்திருக்கும் பேஸ் பிள்ளைக்குத்தான் தாளம் முழுதாகத் தெரியும் என்க. மிருதங்கம் கற்ற பிள்ளைகள் இங்கே சோபிப்பது விரல் திறத்தால் அன்று, எண்ணும் பழக்கத்தால்.

சத்தத்தை வைத்து அளப்போர் ஒரு சாரார். அவர்க்கு மறுப்பு: இன்றைய மார்ச்சிங் ஸ்நேரின் மேல்தோல் கெவ்லார் இழையால் ஆனது. அதை மேசைப்பலகை அளவுக்கு இறுக்கி வைக்கிறார்கள். அதில் ஓங்கி அடித்தால் யார் அடித்தாலும் சத்தம் வரும். குச்சி எவ்வளவு உயரம் எழலாம் என்பதற்கு அங்குலக் கணக்கு உண்டு. பன்னிரண்டு அங்குலத்தில் அத்தனை பேரும் வீரர்கள். மூன்று அங்குலத்தில் ஓசை குறைத்து, அதே வேகத்தில் வாசிக்கச் சொல்லும்போதுதான் யாருடைய குச்சி நாலரைக்குத் தாவுகிறது என்று தெரியும். குறைவாக இருப்பதன் பெருமையை லிவர்மோர்க்காரர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1901 முதல் எரிந்துவரும் மின்விளக்கு இவ்வூர்த் தீயணைப்பு நிலையத்தில்தான் தொங்குகிறது. இன்று அது எரிவது ஏறத்தாழ 4 வாட்டில்.

‘வரிசை ஒன்றாக விழவில்லை’ என்போர் இன்னொரு சாரார். இவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஐயா, நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்? ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரு டிரம் இன்னொன்றைவிட உங்களிடமிருந்து 20 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் அடி 0.058 விநாடி பிந்தி வரும். நிமிடத்துக்கு 160 தாள அடி வேகத்தில், ஓர் அடிக்குள் அடங்கும் ‘தகதிமி’யின் ஓரெழுத்துக்குக் கிடைக்கும் நேரமே 0.094 விநாடிதான். அதாவது பிள்ளைகள் ஒன்றாகவே அடித்தாலும், மைதானத்து மூலைப் படியில் அமர்ந்த தகப்பனாருக்கு அரை எழுத்துக்கு மேல் பிசகிக் கேட்கும். 2012இல் இவ்வூர்ப் பெயரைப் பெற்ற 116ஆம் தனிமம் லிவர்மோரியம். அதன் வகைகளில் தீர்க்காயுசு உள்ளதற்கே அரை ஆயுள் அந்த ஓரெழுத்து நேரத்தைத் தாண்டாது. தேசிய ஆய்வுக்கூடம் 1952 முதல் இருக்கும் ஊர் என்பதால் படிகளில் இயற்பியல் முனைவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தன் பிள்ளை வாசிக்கும்போது ஒலியின் வேகம் நினைவுக்கு வரும் முனைவர் அரிது.

அப்படியானால் எங்கே நின்று, எதைக் கேட்பது? வாகன நிறுத்துமிடத்தில் நின்று வார்ம்-அப்பைக் கேட்க வேண்டும் என்பதே இவ்வாராய்ச்சியின் முடிபு. மேடையில் வாசிப்பது யாரோ ஒரு பெரியவர் எழுதிக் கொடுத்தது. எழுதுகிறவர் கெட்டிக்காரராக இருந்தால் பலவீனமான இடத்தை பேஸ் முழக்கத்துக்குள் புதைத்துவிடுவார். வராத அடியைப் போட்டிக்கு முந்தைய வாரம் ஓசைப்படாமல் எடுத்தும் விடுவார். வலக்கையில் எட்டு, இடக்கையில் எட்டு என்று மாறிமாறி வெறுமனே அடிக்கும் பயிற்சியில் ஒளிய இடமில்லை. இடக்கை எட்டும் வலக்கை எட்டைப் போலவே கேட்டால் அந்த அணிக்கு நல்ல வாத்தியார் இருக்கிறார் என்று எழுதிக்கொள்ளலாம். அடுத்தது ருடிமென்ட் எனப்படும் அடிப்படைக் கட்டுகள். 1933இல் சிகாகோவில் கூடிய டிரம் வாசிப்பவர்கள் தொடங்கிய சங்கம் இவற்றை 26 என்று வகுத்தது. 1984இல் பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி 40 ஆக்கியது. நாற்பதையும் கேட்க வேண்டாம். ஃப்ளாம் ஒன்று போதும்: ஒரு குச்சி தாழ்ந்து, மற்றது உயர்ந்து, மயிரிழை முன்பின்னாக விழ வேண்டும். ஆறு பேர் அடிக்கும்போது ஆறு ஃப்ளாமும் ஒரே அகலத்தில் கேட்டால் அது பல மாத உழைப்பு.

இம்முடிபு நம் கற்பனையன்று. டிரம் கோர் எனப்படும் அணிவகுப்பு இசைக்குழுக்களின் ரசிகர்கள் பலர் அரங்கத்துக்குள் போகுமுன் வெளியே பார்க்கிங் லாட்டில் வார்ம்-அப்பைச் சுற்றிக் கூட்டமாக நிற்பார்கள். அருகே கான்கார்டில் 1957இல் தொடங்கிய புளூ டெவில்ஸ், சான்டா கிளாராவில் 1967இல் தொடங்கிய வான்கார்ட் ஆகியவற்றின் டிரம்லைன்களுக்கு அப்படிக் கூடுவோர் ஏராளம். இவ்விரண்டும் இவ்வளவு பக்கத்தில் இருப்பது லிவர்மோர்ப் பிள்ளைகளின் தலையெழுத்து. இருபது, இருபத்தொரு வயதுக்காரர்கள் கோடை முழுக்க அதே வேலையாக இருந்து வாசித்த காணொளியைப் பார்த்துவிட்டு வந்து, அல்ஜீப்ரா வீட்டுப்பாடம் முடிக்காத பதினைந்து வயதுப் பிள்ளையை அதனோடு ஒப்பிடுவது உவமைக் குற்றம்.

குச்சி தவறி விழுதலைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு டிரம் கோர் போட்டிகளில் ஒரு பிழைக்குப் பத்தில் ஒரு புள்ளி என்று நடுவர் கழித்துக்கொண்டே வருவார். டிக் என்று அதற்குப் பெயர். 1980களில் அதைக் கைவிட்டார்கள். நம் வீடுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. விழுந்த குச்சி திறமையின்மைக்குச் சான்றாகாது. ஆகஸ்ட் வெயிலில் தார்த் தரையில் பயிற்சி செய்யும் பிள்ளைக்குக் கை வேர்க்கத்தான் செய்யும். விழுந்தபின் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும். கீழே பாராமல், கால் தப்பாமல், டிரம்மில் மாட்டிய பையிலிருந்து வேறொரு குச்சியை உருவி அடுத்த கட்டில் சேர்ந்துகொண்டால் அவனுக்கு முழு மதிப்பெண். குனிந்து தேடினால் பயிற்சி போதாது. இவ்வூரில் ஜூன் மாதம் நடக்கும் ரோடியோ ஊர்வலத்துக்கும் இவ்விதி பொருந்தும்: வழியில் குதிரை எதை விட்டுச் சென்றிருந்தாலும் குனிந்து பார்ப்பதற்கில்லை.

கடைசியாக மதிப்பிடுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. டிரம்லைன் போட்டிகளில் நடுவர்கள் எண் மட்டும் போடுவதில்லை. கேட்கக் கேட்கத் தம் கருத்தை ஒலிப்பதிவும் செய்கிறார்கள். பதிவு பிறகு ஆசிரியர் வழியாகப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். உள்ளரங்குப் போட்டிகளில் நடுவர் இருக்கை சில வேளை பெற்றோர் வரிசைக்கு எட்டும் தூரத்திலேயே அமையும். எனவே, மூன்றங்குல உயரத்தில் ஸ்நேர்கள் காட்டும் கட்டுப்பாட்டை அவர் தாழ்ந்த குரலில் பாராட்டிக்கொண்டிருக்கையில், பின்வரிசையிலிருந்து “டேய் கண்ணா, சத்தமே வரலடா!” என்பதும் அதில் தெளிவாகப் பதிவாக வாய்ப்புண்டு. பிள்ளைகள் அந்த இடத்தை மட்டும் எத்தனை முறை திருப்பிப் போட்டுக் கேட்பார்கள் என்பது தனி ஆராய்ச்சிக்குரியது.