வெளிச்சம் தெரியக் கூடாது

என் அப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரியில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டர். விஜயந்தா எத்தனை அடி நீளம் என்று வீட்டில் ஒருநாளும் அவர் வாய் திறந்ததில்லை.

கனரக வாகனத் தொழிற்சாலை என்பது பலகையில் இருந்த பெயர். ஊருக்கு அது டேங்க் ஃபேக்டரிதான். 1965-இல் அங்கிருந்து முதல் விஜயந்தா வெளியே வந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் நமக்காக வடிவமைத்துக் கொடுத்த வண்டி. சுமார் முப்பத்தொன்பது டன் எடை, 105 மில்லிமீட்டர் பீரங்கி, லேலண்ட் இன்ஜின். 1971 போரில் களம் கண்டது. இதையெல்லாம் இன்று எந்தப் பையனும் கைபேசியில் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடுவான். 1981-இல், பன்னிரண்டு வயதில், எனக்குக் கிடைத்ததெல்லாம் சரக்கு ரயில்தான்.

தட்டை வேகன்களில் டேங்குகள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு போகும். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். தார்ப்பாய் பாதிச் சக்கரத்தை மறைத்திருக்கும். காற்றில் அது தூக்கும்போது எண்ண ஆரம்பிப்பேன்; எண்ணி முடிப்பதற்குள் அடுத்த வேகன் வந்துவிடும். ஐந்து என்று முடிவு செய்தேன்.

எண்ணெய் டின்னை வெட்டி, விரித்து, தட்டி நிமிர்த்தி உடம்பு செய்தேன். நூல்கண்டுக் கட்டைகள் சக்கரம். சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கிழித்துச் செயின். ஆவடியில் யாரும் அதை வேறு பெயரில் சொல்லிக் கேட்டதில்லை. டேங்குக்குக் காலில் போட்டிருப்பது செயின். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பாவிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பக்கத்துக்கு ஐந்து சக்கரம். ஒரு சொல் சொல்லவில்லை. “மூலையில பிசிரு நிக்குது, கையைக் கிழிச்சுக்குவ” என்று மட்டும் சொல்லி, தன் பெட்டியைத் திறந்து ஒரு அரம் எடுத்துக் கொடுத்தார்.

அந்த அரம் அவர் சொந்தக் காசில் பாரிமுனையில் வாங்கியது. இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஃபேக்டரியிலிருந்து ஒரு வாஷர் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. கேட்டில் சோதனை இருந்தது உண்மைதான். ஆனால் சோதனையே இல்லாவிட்டாலும் அவர் கொண்டுவந்திருக்க மாட்டார் என்பது அவரைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

அளவு சொல்லாத மனிதர் மற்றதையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். ஒரு தீப்பெட்டி அளவு இரும்புத் துண்டை வைஸில் கடித்துவைத்து, ஆறு முகத்தையும் அரத்தால் ராவி மட்டமாக்க வேண்டும். கேட்கச் சுலபம். அரம் முன்னால் போகும்போது இடதுகை தாழும், பின்னால் வரும்போது வலதுகை தாழும்; முகம் நடுவில் மேடாகி, ஓரங்கள் சரிந்துவிடும். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து பல்புக்கு நேரே பிடிப்பார். இரும்புக்கும் மட்டத்துக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் ஒழுகினால் திரும்பவும் வைஸ்தான். “வெளிச்சம் தெரியக் கூடாது.” அந்த ஒரு துண்டுக்கு எனக்கு மூன்று மாசம் ஆயிற்று. முடித்த அன்று எனக்குக் காய்ச்சல் வந்தது போல் உடம்பு நடுங்கியது.

நான் பிறகு வேறு வேலைக்குப் போனேன். அப்பா 1997-இல் ஓய்வு பெற்றார். விஜயந்தா 2008 வாக்கில் படையிலிருந்து முழுக்க ஓய்வு பெற்றது. அதற்கப்புறம் ஊர் ஊராகப் பூங்காக்களிலும் சாலை முக்குகளிலும் அதைப் பீடம் கட்டி நிறுத்திவைத்தார்கள். 2011-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்படி நிறுத்திய ஒன்றின் முன்னால் இஞ்ச் டேப்போடு போய் நின்றேன். பீரங்கிக் குழாயில் ஒரு குழந்தை தொங்கிக்கொண்டிருந்தது. கீழே பக்கத்துக்கு ஆறு சக்கரம். மேலே செயினைத் தாங்க மூன்று சிறிய உருளைகள். அளந்தேன், எழுதிக்கொண்டேன், செயின்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தேன். காவலாளி வந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் இழுங்க சார்” என்றார். ஊரே தார்ப்பாய்க்கு வெளியே நின்ற காலத்தில் அப்பா நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த எண்களை, காலைநேர நடைக்கு வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இல்லை. அந்த மௌனத்துக்கு என்ன மரியாதை மிச்சம் என்றுதான் தோன்றியது.

அளந்ததை வைத்து ஒரு மாதிரி டேங்க் செய்வது, எட்டில் ஒரு பங்கு என்று முடிவு. பீரங்கி நீங்கலாக உடம்பு 7.92 மீட்டர், எனக்கு 99 சென்டிமீட்டர். 105 மில்லிமீட்டர் பீரங்கி 13 மில்லிமீட்டர் ஆகிவிடும். எடைக் கணக்கு வேறு. நீளம் எட்டில் ஒன்றானால் எடை எட்டு இல்லை, ஐந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றாகும். முப்பத்தொன்பது டன் எழுபத்தாறு கிலோவாக வந்து நிற்கும். அவ்வளவு தேவையில்லை என்று அலுமினியத் தகடும் மெல்லிய இரும்புத் தகடுமாகக் கட்டினேன். புதுப்பேட்டையில் இரண்டு கார் வைப்பர் மோட்டார் வாங்கினேன். அதற்குள் புழுப்பல் கியர் இருப்பதால் கரண்டை நிறுத்தினால் சக்கரம் பின்னோக்கிச் சுழலாது. சரிவில் பிரேக் இல்லாமலே வண்டி நிற்கும். ஒரு மோட்டாரை நிறுத்தி மற்றதை ஓட்டினால் திரும்பும்.

எல்லாவற்றிலும் கஷ்டம் செயின். ஒரு பக்கத்துக்கு எழுபது கண்ணி. தேக்கில் ஒரு கண்ணியைச் செதுக்கி, அம்பத்தூரில் ஒரு சின்ன வார்ப்புப் பட்டறையில் அலுமினியத்தில் நூற்றைம்பது ஊற்றி வாங்கினேன். சைக்கிள் ஸ்போக்கை வெட்டிப் பின் போட்டுக் கோத்தேன். வண்டி இரண்டடி நகர்ந்தது. அப்புறம் செயின் பல்சக்கரத்தின் பற்கள்மேல் ஏறி, படீரென்று கழன்று விழுந்தது. மறுபடி மாட்டினேன், மறுபடி விழுந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணியைக் கேட்டு வாங்கி, வெர்னியரால் அளந்தார். முப்பது இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தொன்பது புள்ளி ஆறு.

“உலோகம் ஆறினா சுருங்கும்டா. பேட்டர்ன் செய்யறவன் அளவுகோலே வேற. அந்த ஸ்கேல்ல ஒரு அடின்னா நம்ம அடியை விடக் கொஞ்சம் பெருசு.”

அலுமினியம் நூற்றுக்கு ஒன்றேகால் பங்குக்குக் கொஞ்சம் மேல் சுருங்கும். ஒரு கண்ணியில் கண்ணுக்குத் தெரியாத குறை. எழுபது கண்ணியில் சேர்ந்து ஏறக்குறைய ஒரு கண்ணியையே விழுங்கிவிட்டது. நூற்றைம்பதையும் உருக்கப் போட்டேன். இரண்டாம் முறை என் மகள் கம்ப்யூட்டரில் கண்ணியை வரைந்து, 101.3 சதவீதம் என்று ஓர் எண்ணைத் தட்டி, முப்பரிமாண அச்சு எந்திரத்தில் ஒரே ராத்திரியில் பேட்டர்னை எடுத்துக் கொடுத்தாள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. நல்ல கருவி, நல்ல வேலை. அப்பாவும் அதை வெகுநேரம் தடவிப் பார்த்து, “சுத்தமா இருக்கு” என்றார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

அன்றைக்குத்தான் கேட்டேன். “டின்னுல நான் ஒரு டேங்க் செஞ்சேனே, அஞ்சு சக்கரம் வெச்சு. ஆறுன்னு உங்களுக்குத் தெரியும். ஏன்ப்பா சொல்லல?”

“டெல்லி பரேட்ல ஓடுன வண்டி. வேகன்ல போறப்ப ஊரே பாத்துது. சக்கரம் எத்தனைங்கிறது ரகசியமா? எண்ணத் தெரியாதவனுக்கு நான் எதுக்குச் சொல்லணும்?”

நாற்பது வருஷமாக நான் அதைத் தேச ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செயின் இப்போது கழல்வதில்லை. முன்சக்கரத்தை நட்டு திருகி முன்னால் தள்ளி இறுக்க வழி வைத்திருக்கிறேன். பக்கத்துக்கு ஆறு சக்கரம், ஒவ்வொன்றும் இரட்டை, மொத்தம் இருபத்துநாலு வட்டு. அத்தனையும் ஷெட்டில் இருக்கும் சின்ன லேத்தில் கடைந்தவை. பீரங்கி மாடத்துக்கு மட்டும் லேசரில் தகடு வெட்டி வாங்கினேன். போன வாரம் அதன் பக்கத்தகடு இரண்டைச் சேர்க்கும் முன்னால் அப்பாவிடம் கொண்டுபோனேன். எண்பத்தாறு வயது, இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மூலைமட்டத்தைக் கேட்டார். தகட்டின் விளிம்பில் அதை வைத்து, கை நடுங்காமல் பல்புக்கு நேரே பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

“எனக்குத் தெரியல. நீ பாத்துச் சொல்லு. வெளிச்சம் தெரியுதா?”

குனிந்து பார்த்தேன். ஓர் ஓரத்தில், நூல் போல.

“தெரியுதுப்பா.”

பெட்டியைத் துழாவி அரத்தை எடுத்து நீட்டினார்.