மரை கழண்டது எங்கே?

ஏலே பேராண்டி, காருக்கு அடியில இருந்து வெளிய வா. மூஞ்சி பூரா கரி ஆயில். இனி உனக்குத் திருஷ்டிப் பொட்டே வேண்டாம். ஆயில் மாத்தப் போனவன் எண்ணெய் வடிக்கிற ட்ரெயின் போல்ட்டு மரையை அழிச்சிட்டு நிக்கியாமே. மரை போல்ட்டுக்கு மட்டும்தான் கழண்டுச்சான்னு உங்க ஆச்சி கேக்கா.

ஸ்பேனர் நீளம் பத்தலைன்னு ரெண்டடி பைப்பைச் சொருகித் தொங்குனியே, திண்ணையில இருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். தடுக்கலாம்தான். வீடியோ பாத்து வேலை படிச்ச புள்ளைக்கு ஆயில் இன்ஜின் ஓட்டுன கிழவன் என்னத்தச் சொல்ல!

எண்ணெய் கிடக்குற சேம்பர் அலுமினியம், போல்ட்டு இரும்பு. ரெண்டும் மல்லுக்கு நின்னா எது தோக்கும்? இத்தனைக்கும் அந்த ஓட்டையில பிரஷரே கிடையாதுலே. பம்பு இழுத்து மேல தள்ளுற வழியிலதான் அழுத்தம். இங்க எண்ணெய் குளத்துத் தண்ணி மாதிரி சும்மா கிடக்கு. கசிவை அடைக்கிறது அந்த ஒத்தை வாஷர். அதைத்தான் நீ காசு மிச்சம்னு பழசையே போட்டே.

இப்போ வெள்ளை டேப் சுத்தவா, பசை அப்பவாங்கே. அப்பு, தாராளமா அப்பு. பாதி வழியில போல்ட்டு விழுந்தா தார் ரோட்டுக்கு எண்ணெய்க்காப்பு சாத்துன புண்ணியம். முன்னால சிவப்பா ஒரு விளக்கு எரியும். சாமி விளக்குன்னு கும்பிட்டுக்கிட்டே ஓட்டு, இன்ஜின் இறுகி அங்கேயே நிக்கும்.

வண்டி வேணும்னா சேம்பரைக் கழட்டி லேத்துப் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போ. ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கி, மரை வெட்டி, ஹெலிகாயில்னு ஒரு ஸ்டீல் சுருளை உள்ள இறக்குவாங்க. பழைய அளவு போல்ட்டே சேரும். கழட்டாம படுத்துக்கிட்டே மரை வெட்டலாம்தான்: கருவியில கிரீஸ் அப்பி, அரைச் சுத்து முன்னால, கால் சுத்து பின்னால. ஆனா தூள் உள்ள தங்காமப் பாக்கப் பொறுமை வேணும். அது நம்ம வம்சத்துக்கே கிடையாது, என்னையும் சேத்துத்தான்.

மாட்டும்போது புது வாஷர். விரலாலயே மூணு சுத்து ஏத்து. ஏறலைன்னா கோணலாப் போகுது, கழட்டிரு. இறுக்கத்துக்கு அளவு வண்டிப் புத்தகத்துல இருக்கும். நிறைய வண்டிக்கு 30, 40 நியூட்டன் மீட்டருக்குள்ளதான். உங்க ஆச்சி ஊறுகாய் ஜாடியையே அதைவிட இறுக்கி மூடுவா.

அந்த ரெண்டடி பைப்பை இங்க குடு. அவரைப் பந்தலுக்கு ஒரு கால் குறையுது.