வீழுணவியல்: ராசா வட்டாரத்தை முன்வைத்து ஒரு தொடக்க ஆய்வு

கைதவறித் தரையில் விழுந்த தின்பண்டம் எந்த வினாடி வரை தின்பண்டம், எந்த வினாடியிலிருந்து குப்பை? இதைத் தமிழுலகம் முறைப்படி ஆராயாமல் விட்டதால் மேற்கத்தியர் முந்திக்கொண்டார்கள். 5 வினாடிக்குள் எடுத்துவிட்டால் குற்றமில்லை என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். 2003இல் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்கு வந்த ஜில்லியன் கிளார்க் என்ற பள்ளி மாணவி, இ. கோலை கிருமி தடவிய ஓட்டில் பிஸ்கட்டையும் ஜெல்லி மிட்டாயையும் போட்டுப் பார்த்தார். 5 வினாடிக்குள்ளேயே கிருமி ஏறிவிட்டது. மறு ஆண்டு அவருக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. 2016இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் தர்பூசணி, ரொட்டி, வெண்ணெய் ரொட்டி, ஜெல்லி மிட்டாய் ஆகியவற்றை எஃகு, ஓடு, பலகை, கம்பளம் என நான்கு பரப்புகளில் போட்டு 2,560 அளவீடுகள் எடுத்தார்கள். ஈரம் சொட்டும் தர்பூசணி ஒரு வினாடி ஆவதற்குள் கிருமியை வாரிக்கொண்டது. மிட்டாயில் அவ்வளவாக ஒட்டவில்லை. பார்க்க அழுக்கான கம்பளமோ கிருமியைக் கொடுப்பதில் படு கஞ்சம்.

உழைப்பைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பருப்பு வடை எங்கே? தோட்டத் தொழிலாளர் லயத்துச் சிமெண்டுத் தரை எங்கே? இரண்டையும் விட்டுவிட்டு எடுத்த முடிவு மலேசியாவின் ராசாவையும் பத்தாங்காலியையும் எப்படிக் கட்டுப்படுத்தும்?

இத்துறையில் காலத்தால் முந்திய கருவி நம்முடையதுதான். வள்ளுவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் இலையருகே ஓர் ஊசியும் கிண்ணத்தில் நீரும் இருக்க வேண்டும் என்பாராம். கீழே சிந்தும் பருக்கையை ஊசியால் குத்தி, நீரில் அலசி, உண்பதற்காக. மனைவி வாசுகி பரிமாறும்போது ஆயுள் முழுக்க ஒரு பருக்கையும் சிந்தாததால் கருவி பயன்படவே இல்லை. ஒரு தரவுகூட இல்லாமல் இத்தனை ஆண்டுகள் நடந்த ஆய்வு வேறு கிடையாது. கதைதான், ஆனாலும் கவனியுங்கள், அந்த மனிதர் வினாடி எண்ணவில்லை, கழுவச் சொன்னார்.

நம் வட்டாரத்திலும் காலம் ஒரு பொருட்டே அல்ல. சாட்சிதான் பொருட்டு. விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்றால் அது விழவில்லை. பாட்டி பார்த்தால் ‘ஊதிட்டுத் தின்னுடா, ஒன்னும் ஆவாது’ என்று தீர்ப்பு. பெண் பார்க்க வந்த வீட்டார் பார்த்தால் வடை மேசைக்கடியில் காலால் தள்ளப்படும். அவர்கள் புறப்பட்டதும் வழக்கு மறுவிசாரணைக்கு வரும். பாட்டி முறையில் ஒரு சிக்கல் உண்டு. பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தால் மேல்பூச்சில் கிருமி 1,400 விழுக்காடு கூடுகிறது என்று கிளெம்சன் பல்கலைக்கழகத்தார் 2017இல் கண்டார்கள். அதாவது, தரை போட்டது பாதி என்றால் பாட்டி போட்டது மீதி. இதைப் பாட்டியிடம் எடுத்துச் சொல்லும் துணிவு ஆய்வாளருக்கு இல்லை.

கோலசிலாங்கூரிலிருந்து நீரிணையைத் தாண்டி இந்தோனேசியாவுக்குப் போனால் ‘பெலும் லிமா மெனிட்’ என்கிறார்கள்: இன்னும் 5 நிமிடம் ஆகவில்லை. அமெரிக்காவைப் போல் அறுபது மடங்கு சலுகை. இரண்டையும் பார்த்துச் சிரிக்கும் ஜீவன் ஒன்று உண்டு: உருண்டைப்புழு. அதன் முட்டை மண்ணில் கிடந்து தொற்றும் பக்குவம் அடையவே இரண்டு மூன்று வாரம் ஆகும். பிறகு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். அதனிடம் போய் வினாடிக் கணக்குச் சொல்வானேன்? விளக்கெண்ணெய் ஊற்றிப் பேதிக்குக் கொடுத்த தலைமுறை, விழுந்ததைத் தின்பதைத் தடுக்க முடியாது என்று தெரிந்தே மறுமுனையில் காவல் வைத்தது.

இனிச் சிதறுகாய். இங்கே உணவு தவறி விழுவதில்லை, ஓங்கி அடிக்கப்படுகிறது. தார்ச்சாலையில் சிதறிய சில்லைப் பிள்ளைகள் பாய்ந்து பொறுக்கி, சட்டையில் ஒரு தேய்ப்புத் தேய்த்து வாயில் போடுவார்கள். ரட்கர்ஸ் கணக்கில் ஈரத் தேங்காய் தர்பூசணியின் ஒன்றுவிட்ட தம்பி, தின்ற பிள்ளைகள் தப்பவே கூடாது. ஆனால் தப்பிவிடுகிறார்கள். பிள்ளையார் சன்னதி என்பதால் கிருமிக்கு அங்கே அதிகாரம் செல்லாது என்று கொள்வதைத் தவிர வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய சான்று, பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) பக்கம் 1917இல் பிரெஞ்சுத் தோட்டக்காரர் என்றி ஃபோகொனியே வணிக முறையில் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம். நாட்டிலேயே முதலாவது. அன்றிலிருந்து இந்த வட்டாரத்தின் பிழைப்பே கீழே விழுந்ததைப் பொறுக்குவதுதான். குலை பழுத்ததா என்று அண்ணாந்து பார்ப்பதோடு முடியாது. மரத்தடியில் எத்தனை உதிரி விழுந்திருக்கிறது என்று குனிந்தும் பார்க்க வேண்டும். நீண்ட கம்பில் கட்டிய அரிவாள் காம்பில் பட்டதும் குலை ‘தொம்’மென்று விழும். ஆரஞ்சும் கறுப்புமான பழங்கள் மட்டைக்கடியில், புல்லில், எறும்புப் புற்றில் என்று ஓடும். மேற்பார்வை பார்க்கும் மண்டோருக்கு ஒன்று விடக்கூடாது. கல்லும் சருகும் சேர அள்ளிச் சாக்கில் கொட்டுவார்கள். அடிபட்ட பழத்தில் நொதி வேலை செய்து எண்ணெயைக் கொழுப்பமிலமாக்கும் என்பதால் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். ஆக, தோட்டத்தின் ‘5 வினாடி’ ஒரு முழு நாள். ஆலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் 130 பாகைக்கு மேற்பட்ட நீராவியில் அவித்துவிடுவார்கள். நொதியும் கிருமியும் ஒன்றாகச் சாகும். வள்ளுவரின் கிண்ணமேதான், கொஞ்சம் பெரிது.

அந்த எண்ணெயில்தான் வடை பொரிகிறது. ஏற்கனவே ஒருமுறை மண்ணில் விழுந்து ஒரு நாள் கிடந்த சரக்கு, இரண்டாம் முறை விழுந்ததற்காக ஒதுக்கப்படுவதில் நியாயம் குறைவு என்று வடை வாதாடினால் நான் அதன் பக்கம். ஆனால் வடைக்கு இரண்டாவது நீராவி கிடையாது. ஆகவே வட்டாரத்துக்கான தற்காலிகத் தீர்ப்பு: முறுக்கு, மாரி பிஸ்கட் போன்ற காய்ந்த வகை கூட்டிப் பெருக்கிய வீட்டுத் தரையில் விழுந்தால், வீட்டில் யாருக்கும் வயிற்றுப்போக்கு இல்லாத பட்சத்தில், உங்கள் துணிவு. சட்னியோடு விழுந்த தோசை, கறிக்குழம்பு ஊற்றிய சோறு, பப்பாளித் துண்டு, இவற்றுக்கு மேல்முறையீடே கிடையாது. கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் எதுவுமே கூடாது.

லயத்து வாசலில் விழுந்ததைப் பற்றிச் சொல்லவில்லையே என்பீர்கள். அங்கே கேள்வி எழுவதற்குள் கோழி தூக்கிக்கொண்டு ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோழியே குழம்பாகி வரும்போது, அது எத்தனை வினாடி கழித்துக் கொத்தியது என்று இதுவரை யாரும் விசாரித்ததில்லை.