இரட்டை ஜெனரேட்டர்க்காரர்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர். குளிர்காலம் வந்தால் சுற்றியுள்ள பாலைவனத்தில் ஆர்.வி. எனும் வீட்டு வண்டிகள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். மின்கம்பம் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. எல்லாரும் அமைதியைத் தேடி வந்தவர்கள். அந்த அமைதி எத்தனை டெசிபல் என்று அளந்து சொல்கிறவர் நம்மவர்.

ரிட்டையர் ஆனவர். ஒரு பையில் மல்டிமீட்டர், மறு பையில் ஸ்பார்க் பிளக் சாவி. "குட் மார்னிங்" சொன்னால், "உங்கள் ஏ.சி. எத்தனை பி.டி.யூ.?" என்பார். 13,500 என்று வாய்தவறிச் சொல்லிவிட்டீர்களா, உட்கார நாற்காலி வந்துவிடும். ஓடும்போது சாதுவாக இருக்கும் ஏ.சி., கிளம்புகிற அந்த ஒரு நொடியில் எவ்வளவு கரண்டைக் கேட்கும் தெரியுமா? ஹோண்டா 2200 ஜெனரேட்டர் பெயரில்தான் 2,200 வாட், விடாமல் தருவது 1,800. "மைக்ரோவேவில் 1,000 வாட் என்று போட்டிருப்பான். அது உள்ளே இருக்கும் சூப்புக்குப் போகிறது. பிளக்கில் இழுப்பது 1,500!"

இரண்டு ஜெனரேட்டருக்குப் பதில் பெரிதாக ஒன்றே வாங்கினால் என்ன என்று கேட்டால், "தூக்குவது யார்?" என்பார். இவருடையது ஒவ்வொன்றும் சுமார் 21 கிலோ. இரண்டையும் இணைத்தால் 3,600 வாட். 30 ஆம்பியர் வண்டிக்குக் கணக்காக இருக்கும். ஆனால் எதையும் எதோடும் சேர்த்துவிட முடியாது. இரண்டும் இன்வெர்ட்டர் வகைதானா, பேரலல் கேபிள் ஒத்துப்போகுமா என்று கல்யாணத் தரகர் மாதிரி பொருத்தம் பார்ப்பார். ஃபிளாக்ஸ்டாஃபுக்குப் போகிறேன் என்றால் முகம் வாடிவிடும். 7,000 அடி உயரம். ஆயிரம் அடிக்கு மூன்றரை சதவீதம் சக்தி போய்விடும், காற்று மெலிந்துவிடுகிறதே!

இதில் வேடிக்கை, ஜனவரியில் குவார்ட்ஸைட்டில் ஏ.சி. போடுகிற வெயிலே கிடையாது. பேட்டரி சார்ஜ் ஏற்ற ஒன்றே தாராளம். இரண்டாவது சும்மாதான் கிடக்கிறது. பெட்ரோல் பழசாகி கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளக்கூடாது என்று அவ்வப்போது அதையும் ஓட்டி, பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்பார். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வரும்: "காபி மேக்கர் ஓடுது, ஹேர் டிரையர் போடட்டுமா?" இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கேபிளோடு ஓடுவார்.

கிண்டல் செய்து முடித்துவிடலாம்தான். ஆனால் புதிதாக வந்த குடும்பம் ஜெனரேட்டரைப் போட்டும் வண்டிக்குள் கரண்ட் வராமல் திண்டாடினால், கூப்பிடாமலே போய் நிற்பவரும் இவர்தான். வண்டியின் பாதுகாப்புக் கருவி, எர்த் இல்லை என்று கரண்டை உள்ளே விட மறுக்கிறது. பையிலிருந்து மொட்டை பிளக் ஒன்றை எடுத்து, ஜெனரேட்டரின் காலி சாக்கெட்டில் செருகுவார். உள்ளே நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் துண்டு வயர், அவ்வளவே. விளக்கு எரியும். பிறகு குனிந்து, அவர்களுடைய ஜன்னலைப் பார்த்திருக்கும் புகைக்குழலை அந்தப் பக்கம் திருப்பி வைப்பார். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும் என்பதை மட்டும் சிரிக்காமல் சொல்வார்.

அவருக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தால் தயங்காமல் வண்டியை நிறுத்துங்கள். "ஒன்று போதாதா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.