கழட்டுனா தெரியாதுங்க

டிவிஎஸ் 50 வண்டி 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்தபோது, இரண்டு பேர் போகக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட் என்பதுதான் அதன் பெருமை. திருப்பூர் அந்தப் பெருமையைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாவது ஆளுக்கான இடம் பீஸ் பண்டலுக்கு என்று இங்கே முதல் நாளே முடிவாகிவிட்டது. பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்துப் போகிறவனைப் பார்த்தால் "ஏப்பா, இன்னிக்குக் கம்பெனி லீவா?" என்று கேட்பார்கள்.

ஒரு டீ-சர்ட் ஒரே கூரைக்குக் கீழே பிறந்து வளர்ந்து வருவதாக வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கட்டிங் டேபிளில் வெட்டிய முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாம் சைஸ் வாரியாகக் கட்டித் தையல் யூனிட்டுக்குப் போகும். அங்கே ஓவர்லாக், பேட்லாக் முடிந்து செக்கிங்குக்கு, அப்புறம் அயர்னுக்கு, பேக்கிங்குக்கு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தெருவில். கப்பல் ஏறும் முன்பே அந்தச் சட்டை அனுப்பர்பாளையத்துக்கும் ராயபுரத்துக்கும் மங்கலம் ரோட்டுக்குமாக மொபெட்டில் பெரிய யாத்திரையை முடித்திருக்கும். தொண்ணூறுகளில் அந்த யாத்திரையில் நானும் இருந்தேன். வண்டி முதலாளியுடையது, முதுகு என்னுடையது.

இப்போது என்னிடம் ஒரு மீட்டியர் 350 இருக்கிறது. 2020 நவம்பரில் ராயல் என்ஃபீல்டு கொண்டுவந்த குரூசர். சீட் தாழ்வு, ஹேண்டில் அகலம், காலை முன்னால் நீட்டி ஜமீன்தார் போல உட்காரலாம். வண்டியே 191 கிலோ. அதன்மேல் இன்னும் கொஞ்சம் சுமை ஏற்றுவதற்காகக் கோயம்புத்தூர் வரை போய், கடைக்காரப் பையனிடம் பணம் கொடுத்தேன்.

பையன் நல்லவன். நெடும்பயணத்துக்கு மூட்டை ஏற்றும் கலையை எனக்கு முதலிலிருந்து விளக்கினான். கனமான பொருள் கீழே இருக்கணும். பின் சக்கர அச்சுக்கு முன்னால் எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. பின்னால் போகப்போக முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்கணும். பின் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கை ஒரு படி இறுக்கணும், டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டணும். வலது பை சைலன்சரிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்கணும்.

நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டிங் மாஸ்டர் எனக்கு இதையேதான் சொல்லிக்கொடுத்தார். அச்சு, சமநிலை என்ற சொல்லெல்லாம் அவரிடம் கிடையாது. "காலர் கட்டு மேல, பாடி கட்டு கீழ. பின்னால தூக்கி வெச்சயின்னா சுரங்கப் பாலத்து ஏத்தத்துல முன்வீல் வானத்தப் பாக்கும், எருமை." சைலன்சரில் பட்டுக் கருகிய பீஸுக்குக் கூலியில் பிடித்தம் என்பதால் அந்தப் பாடம் மறக்கவே மறக்காது. பையன் மரியாதையாகச் சொன்னான். விலையில் அந்த மரியாதையும் சேர்ந்திருக்கும்.

கட்டுகிற கயிற்றுக்கு அந்தக் காலத்தில் காசே கிடையாது. கட்டிங்கில் விழும் ஓரத்துணியை நீளமாகக் கிழித்து ஓர் இழுப்பு இழுத்தால் பனியன் துணி தானாகவே சுருண்டு கயிறாகிவிடும். ரப்பர் மாதிரி இழுபடும், முடிச்சு நழுவாது, சரக்கில் கறை படாது. மெக்கானிக்குகள் கை துடைக்க வாங்கும் பனியன் வேஸ்ட்டும் அதே குடும்பம்தான். அதற்கு அடுத்த தரம் பழைய சைக்கிள் ட்யூப். இப்போது கொக்கி வைத்த எலாஸ்டிக் பட்டைகள் அட்டைப் பெட்டியில், கலர் படத்தோடு வருகின்றன. படத்தில் பனிமலை. நான் வாங்கினேன்.

பை விஷயத்துக்கு வருகிறேன். சீட்டுக்குக் குறுக்கே போட்டு இரு பக்கமும் தொங்கவிடும் துணிப் பை ஒரு வகை. சந்தைக்குப் போகும் கழுதையின் மேல் போடுகிற பொதியேதான், ஜிப் மட்டும் புதுசு. அது சக்கரத்துக்குள் போய்விடாமல் தடுக்கப் பக்கத்துக்கு ஒரு இரும்புக் கம்பி, அதற்கு 'ஸ்டே' என்று பெயர். அடுத்தது கடினமான பெட்டி. ஷாக் அப்சார்பர் போல்ட்டிலும் மட்கார்டு போல்ட்டிலும் பிடித்து ஒரு கம்பிச் சட்டம். அதில் பெட்டியைச் செருகிச் சாவியைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும், இன்னொரு தரம் திருப்பினால் கையோடு வந்துவிடும். பின் இண்டிகேட்டர் வழியில் நின்றால் அதைப் பிடுங்கி வேறு இடத்தில் நடவேண்டும். நான் கேட்டது கழற்றக்கூடிய இந்தப் பெட்டியை. ஆனால் ஏன் கழற்றணும் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

"தம்பி, இத அப்படியே வண்டியிலயே உட்டுட்டா என்னாகும்?"

"ஒண்ணும் ஆகாதுங்ணா. ஆனா திங்கக்கெழம கம்பெனிக்கு எடுத்துட்டுப் போறப்ப லோடு வண்டியாட்டம் இருக்குமுங்ணா. இதுன்னா கழட்டுனா தெரியாதுங்க."

அந்த நிமிஷம் பையன்மேல் எனக்கு மதிப்பு கூடியது. விளம்பரத்தில் சுதந்திரம், தேடல் என்று என்னென்னவோ போடுகிறார்கள். விற்கிற பொருள் இதுதான். சுமந்தது தெரியக்கூடாது.

அன்று இது தலைகீழாக இருந்தது. மொபெட்டில் மூட்டை இருந்தால் கம்பெனியில் ஆர்டர் இருக்கிறது என்று அர்த்தம். டீக்கடையில் கணக்குப் புத்தகம் தயங்காமல் திறக்கும். காலி வண்டியோடு போனால்தான் கேள்வி வரும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடியபோது, துணி நின்றது, தையல் நின்றது, பின்சீட்டு காலியாகத் தெரியும் மொபெட்டுகள் தெருத்தெருவாக நின்றன. சுமையில்லாத வண்டியைப் பார்த்துப் பயந்த ஊர் இது. இப்போது சுமையில்லாததுபோலத் தெரிய பூட்டும் சாவியும் வாங்குகிறது.

1978இல் வெரோனா என்ற இத்தாலிக்காரர் பனியன் தேடி வந்ததிலிருந்துதான் திருப்பூரின் ஏற்றுமதிக் கதையை இங்கே எல்லாரும் ஆரம்பிப்பார்கள். அதே 1978இல் இத்தாலியில், பிரெஸ்சியா பக்கம், ஜுசெப்பே விசென்சி என்ற முன்னாள் பைக் பந்தய வீரர் 'கிவி' கம்பெனியைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க பைக்குகளில் மாட்டிக் கழற்றும் பெட்டிகளில் முன்னணிப் பெயர்களில் அதுவும் ஒன்று. ஆக, சட்டை தைக்கச் சொல்லி ஆள் அனுப்பிய வருஷமே, அதை மடித்து வைக்கும் பெட்டிக்கும் அந்த நாட்டில் பூசை போட்டாயிற்று. நாம் சட்டையோடு நின்றுவிட்டோம். என் பெட்டி இத்தாலி இல்லை. அதை வாங்கினால் சட்டை வாங்க முடியாது.

சட்டம் வேறு இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் வைக்கும் பெட்டி 550 மில்லிமீட்டர் நீளம், 510 அகலம், 500 உயரத்தைத் தாண்டக்கூடாது என்று 2020இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதியில் சேர்த்தது. பின்சீட்டு இடத்தில் பெட்டியை வைத்தால் ஓட்டுகிறவரைத் தவிர யாரும் ஏறக்கூடாது. 510 மில்லிமீட்டர்! எங்கள் மூட்டை யூனிட் வாசலில் பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே நுழையும். இந்த விதியை அன்று அமல்படுத்தியிருந்தால் ஐரோப்பாவில் பாதிப் பேர் வெற்று மார்போடு திரிந்திருப்பார்கள்.

அதே விதி, பின் சக்கரத்தில் பாதியையாவது மூடும் காப்பு வேண்டும் என்றும் சொல்கிறது. நாம் சேலை கார்டு என்போமே, அதுதான். இடது கம்பிச் சட்டம் சரியாக உட்காரவேண்டுமானால் சேலை கார்டை எடுத்துவிடலாம் என்றான் பையன். மூணாறு போகத் திட்டம் என்பதால் வீட்டில் கேட்டேன்.

"ஏனுங்க, கார்டையும் எடுத்துப்போட்டு, அந்தப் பக்கம் பையையும் மாட்டிட்டா நான் கால எங்க வெக்கறது?"

"ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காரலாமே."

"பேக்கிங் பொட்டியாட்டம் பக்கத்துக்கு ஒண்ணு இருக்குது, அதத் தாண்டிக் கால் போடறதுக்கு நானென்ன சர்க்கஸ்காரியா? மூணாறுக்கு நான் பஸ்ஸுலயே வந்துக்கறேன். நீங்க பையக் கூட்டிட்டு வாங்க."

கார்டு தப்பித்தது. அதற்கு வெளியே பை தொங்குவதால் இடது பக்கம் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கிறது. பைகள் புடைத்திருப்பதன் பலன் பல்லடம் தாண்டியதும் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலைச் சுற்றுவட்டாரம் முழுக்கக் காற்றாலை நட்டிருக்கிறார்கள். மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று, தெற்கே போகும் வண்டியைக் குறுக்கே அறையும். புடைத்த பையைக் கண்டால் அதற்குக் கூடுதல் உற்சாகம். நண்பர்கள் மூன்று பேர் மூன்று குரூசரில், மூணாறு போக, முகத்தில் வீரத்தோடு ஒருபக்கமாகச் சாய்ந்தபடி உடுமலைக்கு முன்னால் ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம்.

அங்கே ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் 100 மொபெட் நின்றது. பின்பக்கம் ஆள் உயரத்துக்கு மூட்டை, முன்னால் கால் வைக்கிற இடத்தில் இன்னொன்று. காதர்பேட்டையில் சரக்கெடுத்து ஊர் ஊராக நைட்டியும் பனியனும் விற்கிறவர். டீயை ஆற்றிக்கொண்டே என் பைகளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன லைனுங்க?"

"லைனெல்லாம் இல்லீங்க. துணிதான்."

"எத்தன டஜன் புடிக்கும்?"

"நாலு சட்டைங்க. அப்புறம் மழைக்கோட்டு."

அவர் முகத்தில் இரக்கம் தெரிந்தது. வியாபாரத்தில் நொடித்தவன் என்று நினைத்திருக்க வேண்டும். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, சாவியைத் திருப்பி ஒரு பெட்டியைக் கழற்றிக் காட்டினேன். மாட்டியும் காட்டினேன். அவர் அதை ரசித்தார். இன்னொரு தரம் செய்யச் சொன்னார். விலையைக் கேட்டார். சொன்னேன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தன் வண்டியில் மூட்டைக்கு அடியில் சீட்டே இல்லாத இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"இதுலயும் பின்சீட்டு கழண்டுருமுங்க. கம்பெனியிலயே அப்படித்தான் குடுக்கறாங்க. அதுக்குத் தனியா காசில்லீங்க."