முதல் பக்கத்தார்

கடைத்தெருவில் இவரைப் பார்த்திருப்பீர்கள். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, இன் பண்ணியிருப்பார். முதுகில் லேப்டாப் பை. கடைக்குள் வருவது மதியம் மூன்று மணிக்கு. கல்லாவில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிற அந்த நேரத்தில்தான் முதலாளிமாருக்கு வியாபாரத்தைப் பற்றிய கவலை வரும் என்பது அவருக்குத் தெரியும். ஆதார் அட்டையில் வேறு பெயர் இருக்கலாம். தெருவில் அவர் ‘முதல் பக்கத்தார்’. “கூகுள்ல உங்க கடையை முதல் பக்கத்துல நிறுத்துறேன்” என்பது அவருடைய தொழில், வணக்கம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம்.

விருதுநகரில் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை எங்கே என்று கேட்டால், “மூக்கு போற பக்கம் போங்க” என்பார்கள். எள் ஆட்டுகிற வாசனை தெருமுனை வரைக்கும் வரும். நம்மவர் அந்த வாசனையைக் கண்டுகொள்ளவே இல்லை. உட்கார்ந்ததும் சொன்னார்: “அண்ணாச்சி, உங்களுக்கு ஆன்லைன் பிரசன்ஸே இல்லையே!”

“அது எதுக்குத் தம்பி? அதான் நான் கடையிலயே இருக்கேனே.”

“நீங்க இருக்கீங்க அண்ணாச்சி. கூகுள்ல இல்லையே!”

அண்ணாச்சி அரண்டுபோய் அட்வான்ஸ் கொடுத்தார்.

இரண்டு வாரத்தில் வெப்சைட் வந்தது. தொடர்புக்கு என்ற பக்கத்தில் காதில் ஹெட்போன் மாட்டிய வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். யார் இது என்று அண்ணாச்சி வீட்டம்மா கேட்டதற்கு இன்றுவரை சரியான பதில் இல்லை. முகப்பில் பெரிய எழுத்தில் ‘பிரீமியம் எடிபிள் ஆயில் சொல்யூஷன்ஸ்’. நல்லெண்ணெய் வாங்க நினைக்கிற எந்த மனுஷி இதை போனில் தட்டித் தேடப்போகிறாள்? அவள் ‘செக்கு எண்ணெய்’ என்றோ, அதையே ஆங்கில எழுத்தில் தப்பும் தவறுமாகவோதான் தட்டுவாள். அந்த வார்த்தை தளத்தில் எங்குமே இல்லை. மன்னிக்கவும், இருக்கிறது: பக்கத்தின் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், அறுபது தடவை. மனிதர் கண்ணுக்குத் தெரியாது, கூகுள் கண்ணுக்குத் தெரியும் என்று விளக்கினார். கூகுள் கண்ணுக்குத் தெரிவது உண்மைதான். இந்த ஒளிவுமறைவைக் குற்றம் என்று அது விதிமுறையிலேயே எழுதி வைத்திருப்பதும் உண்மை.

கோடுக்குள் ‘மெட்டா கீவேர்ட்ஸ்’ என்று ஒரு வரி போட்டதற்குத் தனிக் கட்டணம். தரவரிசைக்கு அந்த வரியை நாங்கள் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. செய்தி இன்னும் விருதுநகர் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

பிறகு அரங்கேற்றம். அண்ணாச்சியின் போனையே வாங்கி, கடையின் முழுப் பெயர், தெருப் பெயர், ஊர்ப் பெயர் மூன்றையும் ஒரு எழுத்து விடாமல் தட்டினார். கடை முதலில் வந்து நின்றது. “பாத்தீங்களா!” அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. இதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் விசேஷம். உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத பெயரைத் தேடினால் வேறு எது வரும்? பெயர் தெரிந்தவன் தேட வேண்டியதில்லை, நேரே கடைக்கே வந்துவிடுவான். பெயர் தெரியாதவனுக்காகத்தானே இத்தனை செலவும்?

மாதா மாதம் அறிக்கை வரும். முழுக்க ஆங்கிலம், பக்கத்துக்குப் பக்கம் பச்சை அம்பு, எல்லாம் மேல்நோக்கி.

“இம்ப்ரெஷன் பன்னெண்டாயிரம் அண்ணாச்சி!”

“பன்னெண்டாயிரம் பேரு கடையைப் பாத்தாங்களா? ஒருத்தர்கூட கால் லிட்டர் கேக்கலையே தம்பி.”

இம்ப்ரெஷன் என்றால் யாரோ எதையோ தேடியபோது பட்டியலில் கடையின் இணைப்பும் இடம்பெற்றது என்று அர்த்தம். அவர் அதைப் பார்த்தாரா என்பதற்குக்கூட உத்தரவாதம் கிடையாது. தொட்டு உள்ளே வந்தவர்கள் எத்தனை பேர் என்பது கிளிக் என்ற பத்தியில் இருக்கும். அந்தப் பத்தி வரும்போது மட்டும் முதல் பக்கத்தாருக்கு போன் வந்துவிடும்.

வியாபாரம் நகரவில்லையே என்று கேட்டால், “அல்காரிதம் மாறியிருக்கு, மூணு மாசம் பொறுத்துக்கங்க” என்பார். சனிப்பெயர்ச்சி மாதிரிதான், பரிகாரம் ஐநூறு பேக்லிங்க். பிற தளங்கள் நம் தளத்துக்கு இணைப்புக் கொடுத்தால் மதிப்புக் கூடும் என்பது, 1998ல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போதே கண்ட சூத்திரம். நல்ல சூத்திரம்தான், கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்து. நம்மவர் வாங்கித் தந்த இணைப்புகள் முடி நடும் கிளினிக்கிலிருந்தும் ரம்மி தளத்திலிருந்தும் வந்தவை. இப்படிக் காசுக்கு வாங்கிய இணைப்புகளால் மேலே ஏறும் தளங்களைக் கீழே தள்ளத்தான் கூகுள் 2012ல் பெங்குவின் என்றொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது.

ஐந்து நட்சத்திர விமர்சனங்களும் பேக்கேஜில் அடக்கம். எண்ணெய்க் கடைக்கு ஒருவர் எழுதியிருந்தார்: “குடும்பத்தோடு தங்க அருமையான இடம். அறைகள் சுத்தம்.”

கடைசியில் கூட்டம் வரத்தான் செய்தது. காரணம் அண்ணாச்சியின் மகள். கல்லூரி விடுமுறைக்கு வந்தவள், கூகுள் மேப்பில் கடையின் புள்ளி பின்சந்தில் டிரான்ஸ்பார்மர் மேல் நிற்பதைப் பார்த்தாள். பைசா செலவில்லாத பிசினஸ் புரொஃபைலில் புள்ளியைக் கடைவாசலுக்கு நகர்த்தினாள். திறக்கும் நேரம், ஞாயிறு விடுமுறை, போன் நம்பர் போட்டாள். செக்கு சுற்றுகிறதைப் படமெடுத்து ஏற்றினாள். ‘மரச்செக்கு நல்லெண்ணெய், கடலெண்ணெய், தேங்காயெண்ணெய்’ என்று ஜனங்கள் பேசுகிற வார்த்தையிலேயே எழுதினாள். பக்கத்துக் கடைகளைக் காட்டும்போது கூகுள் பார்ப்பது தேடிய பொருளோடு பொருத்தம், தூரம், பேர் இந்த மூன்றைத்தான். தூரத்தை யாராலும் மாற்ற முடியாது. பேர் அண்ணாச்சியின் அப்பா காலத்திலேயே சம்பாதித்தது; கூகுள் காதில் விழ வேண்டியதுதான் பாக்கி. எண்ணெய் வாங்கிப்போனவர்கள் நாலு நல்ல வார்த்தை எழுதினார்கள், அதுவும் விழுந்தது.

அடுத்த மாத அறிக்கையில் பச்சை அம்பு பக்கத்தை விட்டே வெளியேறிக்கொண்டிருந்தது. “சொன்னேன்ல அண்ணாச்சி!” என்றார் முதல் பக்கத்தார். போகும்போது தயங்கி நின்று, “எனக்கும் ஒரு அஞ்சு ஸ்டார் போட்டு விடுங்களேன்” என்றார். அண்ணாச்சி போட்டார். பையன் வெயிலில் அலைகிறானே என்ற இரக்கம். அரை லிட்டர் நல்லெண்ணெயும் கொடுத்தனுப்பினார்.

இந்தத் தொழிலை ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முதலிடம் என்று சத்தியம் செய்ய மாட்டார்கள். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் உங்களிடம் என்ன சொல்லி எண்ணெய் கேட்கிறார் என்று விசாரிப்பார்கள். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும் என்று முதலிலேயே சொல்வார்கள். பார்க்க அவ்வளவு பகட்டாக இருக்காது, அதனால் ஆர்டர் கிடைப்பது கஷ்டம்.

உங்கள் கடைக்கும் ஒரு மதியம் மூன்று மணிக்கு முழுக்கைச் சட்டை வரும். டீ வாங்கிக் கொடுங்கள். பணம் கொடுக்குமுன், டொமைன் யார் பெயரில் பதிவாகும், பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும் என்று மட்டும் கேளுங்கள். அவர் பெயரில், அவரிடம் என்றால் டீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.