மஞ்சள் குழாயின் போக்கும் மனிதரின் நோக்கும்: ஓர் ஆய்வு

முன்னுரை

சங்க இலக்கியத்தில் கேஸ் குழாய் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. இக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வு எல்லை: கிழக்கே பாடி மேம்பாலம், மேற்கே பட்டாபிராம், தெற்கே பூந்தமல்லி, வடக்கே செங்குன்றம் சாலை. ஆய்வுப் பொருள்: குழாய்வழி எரிவாயு வந்த வீடுகளில் அடுப்படிச் சுவரில் நெளிந்து கிடக்கும் மஞ்சள் ஜி.ஐ. குழாய். ஆய்வு முறை: அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் காபி குடிக்கப் போய், கண்ணைச் சுவரிலேயே வைத்திருத்தல்.

வரலாற்றுப் பின்னணி

2018-இல் நடந்த ஒன்பதாவது ஏலச் சுற்றில் சென்னை, திருவள்ளூர் மாவட்டங்கள் நகர எரிவாயுத் திட்டத்துக்குள் வந்தன. 2019 மார்ச்சில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இந்தியன் ஆயிலின் திரவ இயற்கை எரிவாயு முனையம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளக்கூடியது. வாயுவை மைனஸ் 162 டிகிரி வரை குளிர்வித்து, ஏறக்குறைய 600-இல் ஒரு பங்காகச் சுருக்கி, கப்பலேற்றிக் கொண்டுவருகிறார்கள். இத்தனை கடலையும் ஒழுங்காகக் கடந்துவந்த வாயு, அடுப்பை எட்டும் கடைசி எட்டடியில்தான் தடுமாறுகிறது. ஜன்னலைச் சுற்றுகிறது, எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் குனிகிறது, சுவிட்ச் போர்டைக் கண்டு ஒதுங்குகிறது. ஏன் என்பதே மையக் கேள்வி.

பொருளிலக்கணம்

ஏரிகள் நிறைந்த அம்பத்தூரும் ஆவடியும் ஒருகாலத்து மருத நிலம். எனவே கேஸ் குழாயை மருதத் திணையில் வைப்பதே முறை. முதற்பொருள்: அடுப்படியும் விடுமுறை நாள் காலையும். கருப்பொருள்: எல்போ, வால்வு, கிளாம்ப், டைல்ஸில் விழுந்த ஓட்டை, ஒயிட் சிமென்ட் திட்டு, ஒரு பல்லி. உரிப்பொருள்: ஊடலும் ஊடல் நிமித்தமும். "வேலை நடக்கும்போது நீங்க எங்க போனீங்க?" என்பது தலைவி கூற்று. "அவங்களுக்குத் தெரியாததா?" என்பது தலைவன் கூற்று.

தலைவன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டூல் ரூம் ஆளானால் ஊடல் இருமடங்காகும். பட்டறையில் முடியளவு பிசகினாலே பீஸை ரிஜெக்ட் செய்கிறவர், வீட்டில் ஓரங்குலச் சாய்வைப் பார்த்துக்கொண்டே தோசை தின்ன வேண்டியிருக்கிறது.

மறைப்பு மரபுகள்

முதலாவது நாட்காட்டிப் பள்ளி. மளிகைக் கடை காலண்டரைக் குழாய்மேல் மாட்டுவது. அட்டைக்கு மேலும் கீழும் குழாய் நீட்டிக்கொண்டிருப்பதால், படத்திலுள்ள முருகனுக்கு மஞ்சளில் இரண்டாவது வேல் முளைத்ததுபோல் இருக்கும்.

இரண்டாவது கொடிப் பள்ளி. பிளாஸ்டிக் இலைக்கொடியைச் சுற்றுவது. தாளிப்புப் புகையில் இலைகள் பழுப்பேறி, எண்ணெய்ப் பிசுக்கில் பல்லிக்கும் பிடி கிடைக்காமல் போகும்.

மூன்றாவது பயன்பாட்டுப் பள்ளி. கரண்டி, பிடிதுணி, வெங்காயப் பை ஆகியவற்றைத் தொங்கவிடுவது. இணைப்புகளுக்கு இது ஆகாது.

நான்காவது தச்சுப் பள்ளி. மாடுலர் கிச்சன் பலகை அடித்து முழுவதும் மூடுவது. செலவும் அதிகம், ஆபத்தும் அதிகம். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தங்கும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன், லேசானது, மேலே ஏறும். கசிவு மூக்குக்குத் தெரியட்டும் என்றுதான் அதில் நாற்றப்பொருள் கலக்கிறார்கள். பெட்டி போட்டு அடைத்தால் வாயு உள்ளேயே தங்கும். இணைப்பைக் கண்ணால் பார்க்கவும் முடியாது.

ஒப்பாய்வு

பாரிஸில் 1977-இல் திறந்த பாம்பிடு மையத்தில், ரென்சோ பியானோவும் ரிச்சர்ட் ரோஜர்ஸும் குழாய்களைக் கட்டடத்துக்கு வெளியே போட்டு, தண்ணீருக்குப் பச்சை, காற்றுக்கு நீலம், மின்சாரத்துக்கு மஞ்சள் என்று வண்ணமும் அடித்தார்கள். அதைப் பார்க்க உலகமே போனது. ஆவடியில் அதே காரியத்துக்கு மாமியார் முகம் சுளிக்கிறார். வேறுபாடு ஒன்றுதான்: பாரிஸ் குழாய்களை எங்கே போடுவது என்று முன்கூட்டியே யோசித்திருந்தார்கள்.

முடிவுரை

ஆகவே, குழாய் தெரிவது குற்றமன்று, தெரியத்தான் வேண்டும். கோணலாகத் தெரிய வேண்டும் என்றுதான் யாரும் சொல்லவில்லை. கோணலின் தோற்றுவாயும் இவ்வாய்வில் அகப்பட்டது. டிரில்லருடன் நிற்கும் பையன், "சார், இப்படிக் கொண்டுவரலாமா?" என்று கேட்கிறான். வீட்டுக்காரர் செல்போனிலிருந்து தலை நிமிராமல், "பார்த்துப் போடுங்க தம்பி" என்கிறார். அவனும் தனக்கு எது சுலபமோ அதைப் பார்த்துப் போடுகிறான்.

வாசகர்களுக்கு ஆய்வாளரின் வேண்டுகோள்: ஓட்டை போடும் முன்பே பென்சிலும் ரசமட்டமும் எடுத்து, எந்த வழி பாதுகாப்பானது என்று அந்தத் தம்பியையே கேட்டு, டைல்ஸ் கோட்டை ஒட்டிச் சுவரில் வரைந்து கொடுங்கள். ஏற்கெனவே கோணலாகிவிட்டதா? நீங்களே ஸ்பேனரைத் தொடாதீர்கள். இணைப்பு கொடுத்தவர்களையே கூப்பிட்டு மாற்றிப் போடச் சொல்லி, கசிவுச் சோதனை முடிந்த பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள்.